ஏச்சு ரொட்டி

உப்பாத்துத்துறைக்குக் கப்பல் வந்துபோன காலம் அது. இப்ப மணல் மூடிக் கிடக்கே, அந்த முகத்துவாரத்துல பாய்மரமா நிறைஞ்சு நின்ன காலம். அப்ப நம்ம தெருவுல ஒருத்தி இருந்தா. சிப்பியம்மான்னு பேரு. அவ கதையைத்தான் சொல்லுதேன், கேளுங்க.

சிப்பியம்மாங்கிறது ஊரு வச்ச பேரு. பெத்தவுக வச்ச பேரு சிப்போரா. கொச்சிப் பக்கத்து யூதக் குடும்பம். யூதர்னு சொல்ல இங்க யாருக்கும் வாய் பழகல, கொச்சிக்காரவுகன்னே சொல்லுவாகளாம். சிப்போரான்னு கூப்பிடவும் வாய் வரல. கடக்கரை ஆளுகளுக்குத் தெரிஞ்சது சிப்பி. அதனால சிப்பியம்மா. அவ புருசன் மொர்தெகாய். அவரு மருதையா ஆனாரு. "என் பேரை உடைச்ச மாதிரி என் வீட்டுப் பானையை உடைச்சிருந்தா சும்மா விட்டிருப்பேனா"ன்னு கேப்பாளாம். கேட்டுக்கிட்டே, சிப்பியம்மான்னு கூப்பிட்டா திரும்பியும் பாப்பாளாம்.

மருதையா அரிசி, மிளகு, கருப்பட்டின்னு கப்பல்ல ஏத்தி விடுற வியாபாரி. நல்ல மனுசன். அந்த நல்ல குணம்தான் சிப்பியம்மாவுக்கு ஆகவே ஆகாது. ஏன்னா, வழியில போறவனையெல்லாம் சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டுருவாரு. கூப்பிட்டதை வீட்டுல வந்து சொல்ல மறந்துருவாரு. வந்தவன் கை கழுவிட்டு உக்காந்த பொறவுதான் அவளுக்கே தெரியும். அவ அடுக்களையில நின்னு சொல்லுவாளாம்:

"கூப்பிடுறது உங்க வாய். வேகுறது என் கை."

மருதையா அதுக்கும் சிரிப்பாராம். அந்தச் சிரிப்பைப் பாத்தா அவளுக்கு இன்னும் ஏறுமாம்.

இப்படி இருக்கையில, அவுகளுக்குப் பெசகான்னு ஒரு திருநாள், எட்டு நாளு. நம்ம பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி வரும். அவுக முன்னோர் ஒரு ராசாகிட்ட அடிமையாக் கிடந்தாகளாம். ஒருநாள் கூட்டத்தோட தப்பிச்சு ஓடுனாகளாம். பிசைஞ்ச மாவு புளிக்கக்கூட நேரமில்லாம, அப்படியே சுட்டு எடுத்துக்கிட்டு ஓடுனாகளாம். அந்த நினைப்புக்காக, திருநாள் முடியுற வரைக்கும் புளிச்ச மாவு வீட்டுல ஒரு துளி இருக்கக்கூடாது. கோதுமை மாவுல தண்ணி பட்டா, அது பொங்கத் தொடங்குறதுக்குள்ள சுட்டு எடுத்துரணும். கொஞ்சம் காத்துக் கிடந்தாலும் ஆகாது, தூரப் போடணும். அரிசி ஆகும். ஆனா ஒவ்வொரு மணியாப் பாத்துப் பொறுக்கித்தான் உலையில போடணும்.

சொல்லுறதுக்கு லேசு. செய்யுறது யாரு? சிப்பியம்மா.

"ஓடுனவுக ஒரு ராத்திரி ஓடுனாக. நான் மாசி பொறந்ததுல இருந்து ஓடுதேன்"ம்பாளாம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கணும். கிணத்தை இறைச்சுத் தூர் எடுக்கணும். பழைய சட்டி பானையெல்லாம் ஒதுக்கிட்டு, குயவர் வீட்டுச் சுடலிகிட்ட புதுப் பானை வாங்கணும். பேரீச்சம்பழத்தைக் கொதிக்க வச்சுப் பிழிஞ்சு பாகு காய்ச்சணும். இதுல பக்கத்து முஸ்லிம் வீட்டு மைமூன் லாத்தா வேற. பாசக்காரி. திருநாள்னு கேள்விப்பட்டா போதும், ஆப்பம் சுட்டு எடுத்துக்கிட்டு வந்து வாசல்ல நிப்பா.

"லாத்தா, போன வருசமும் சொன்னேன். திருநாளுக்கு ஆப்பம் ஆகாது. புளிச்சது."

"அதான் தெரியுமே சிப்பி. அதுக்குத்தான் இந்தத் தடவை இடியாப்பம் கொண்டாந்திருக்கேன். இது புளிக்காது."

சிப்பியம்மா அப்படியே நின்னுட்டாளாம். இடியாப்பம் ஆகுமா ஆகாதான்னு அவளுக்கே தெரியல. கொச்சிக்கு ஆள் விட்டுத்தான் கேக்கணும். "வாசல்லயே வையி லாத்தா. உள்ள வராத. உன் சீலையில என்ன ஒட்டியிருக்கோ"ன்னாளாம். லாத்தாவும் கோவிச்சுக்கலையாம். வருசா வருசம் ஏச்சு வாங்கி அவளுக்குப் பழகிப்போச்சு.

நான் சொல்ல வந்தது ஒரு பஞ்ச வருசத்துக் கதை. முந்துன வருசமே மழை இல்ல. அந்த வருசமும் இல்ல. உள்நாட்டுல இருந்து சனங்க துறையைப் பாத்து வர ஆரம்பிச்சுட்டாக. கப்பல் வார ஊரு, கஞ்சியாவது கிடைக்கும்னு. வந்தவுக நம்ம தெருக் கோடியில புளியமரத்தடியில கிடந்தாக. உள்ளூருலயும் பானை வாங்க ஆளில்லாம, சுடலி வீட்டுல சூளையில சுட்ட பானை அடுக்கினது அடுக்கினபடி நிக்கி. அவ பிள்ளைக வயிறு ஒட்டிப்போய்த் திரியுதுக.

அந்த வருசம் பாத்துத்தான் கொச்சியில இருந்து மல்க்கா அம்மாளும் அவுக வீட்டுக்காரரும் வந்து இறங்குனாக. சிப்பியம்மாவுக்கு ஒரே மக, லேயாள். அவளை மல்க்கா மகனுக்குக் கேட்டுப் பேச்சு நடக்குது. மல்க்கா லேசுப்பட்டவ இல்ல. ஆசாரம்னா ஆசாரம், அப்படி ஒரு ஆசாரம். பெசகாவுக்கு ஒரு வீடு எப்படி இருக்குன்னு பாத்தா அந்த வீட்டுப் பொண்ணு எப்படின்னு தெரிஞ்சுரும்னு சொல்லி, திருநாளுக்கே வந்துட்டாளாம். வந்தவ உக்காரல. அலமாரித் தட்டை விரலால வழிச்சுப் பாத்தா. கிணத்துக்குள்ள எட்டிப் பாத்தா. அரிசியை உள்ளங்கையில கொட்டி முகத்துகிட்ட கொண்டுபோய்ப் பாத்தா.

"பரவாயில்ல"ன்னாளாம்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டு சிப்பியம்மாவுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிஞ்சுதாம். மாசி முழுக்க முதுகு ஒடிஞ்சதுக்குப் பரவாயில்லையா? ஆனா பொண்ணைப் பெத்தவ. வாயை மூடிக்கிட்டா. லேயாளை மட்டும் பாத்து, "தண்ணி மொண்டுட்டு வா"ன்னு கடுகடுன்னு சொன்னாளாம். லேயாளுக்குப் புரியும், ஏச்சு தனக்கில்லன்னு.

திருநாள் முதல் சாயந்திரம். விளக்கு ஏத்தியாச்சு. வெள்ளைத் துணி விரிச்சு, சுட்ட ரொட்டியை அடுக்கி, பேரீச்சம் பாகு வச்சு, கசப்புக்குக் கீரை வச்சு, அவிச்ச முட்டை, மிளகு போட்ட கோழிக்கறி, மீன்னு எல்லாம் வச்சாச்சு. அன்னைக்கு வாசக்கதவைத் திறந்து வைப்பாக, அது அவுக வழக்கம். மருதையா ரொட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, அவுக பழைய பாஷையில ராகம் போட்டுச் சொல்ல ஆரம்பிச்சாரு. அதுக்கு அர்த்தம் என்னன்னா, பசியா இருக்கவுக யாரா இருந்தாலும் வாங்க, எங்களோட சாப்பிடுங்கன்னு அர்த்தம். வருசா வருசம் சொல்லுறதுதான். அவுக அப்பா சொன்னாரு, அவுக தாத்தா சொன்னாரு.

சிப்பியம்மாவுக்கு அப்ப வாசல் வழியா புளியமரத்தடி தெரிஞ்சுதாம். அங்க கிடந்தவுக எழுந்து உக்காந்து, இந்த வெளிச்சத்தையே பாத்துக்கிட்டிருந்தாகளாம். கறி வாசனை அங்க போகாம இருக்குமா? ஒரு பொம்பள மடியில பிள்ளையை வச்சுக்கிட்டு, அது வாயைப் பொத்தி வச்சிருந்தாளாம். அழுகைச் சத்தம் இங்க கேட்டுரக்கூடாதுன்னு.

மருதையா கண்ணை மூடிக்கிட்டு ராகம் போடுதாரு. நல்ல குரல். மல்க்கா தலையாட்டிக் கேக்கா.

பகல் பூரா அடுப்புல நின்ன சிப்பியம்மாவுக்கு அதுக்கு மேல தாங்கல.

"இதை யாருக்குச் சொல்லுதீக?"

மருதையா கண்ணைத் திறந்தாரு.

"யாரைக் கூப்பிடுதீகன்னு கேக்கேன். அந்தா இருக்காகளே, அவுகளுக்கு உங்க பழைய பாஷை தெரியுமா? கூப்பிடுறதுன்னா அவுகளுக்குப் புரியுற மாதிரி கூப்பிடுங்க. இல்லன்னா கதவைச் சாத்திட்டுச் சொல்லுங்க. திறந்து வச்சுக்கிட்டுப் புரியாத பாஷையில கூப்பிடுறது என்ன கூப்பிடுறது?"

ஆத்திரத்துல சொல்லிட்டா. சொன்ன பொறவுதான் அவளுக்கு யாருகிட்ட சொன்னோம்னு நினைப்பு வந்துச்சு. மருதையா ரொட்டியைக் கீழ வச்சாரு. எழுந்தாரு. அவ கையைப் பிடிக்கப் போனா, எட்டல. நேரா வாசலுக்குப் போய்ப் படியில நின்னு, அந்த நல்ல குரலை எடுத்து, தெரு முழுக்கக் கேக்கத் தமிழ்ல சொன்னாராம்:

"பசிச்சவுக எல்லாரும் வாங்க. எங்க வீட்டுல வந்து சாப்பிடுங்க."

கொஞ்ச நேரம் யாரும் அசையல. நம்பணும்ல. பொறவு முதல்ல வந்தது சுடலி, பிள்ளைகளோட. அவ பின்னால அந்தப் பொம்பள, மடியில பிள்ளையோட. அதுக்குப் பொறவு கணக்கு வழக்கு இல்ல. புளியமரத்தடி காலி. தெரு நிறைஞ்சுபோச்சு.

சிப்பியம்மா தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாளாம். அழுகையா வந்துச்சுன்னும் சொல்லுவாக, சிரிப்பா வந்துச்சுன்னும் சொல்லுவாக. ரெண்டும் இல்ல, கோவம்தான் வந்துச்சுன்னு சொல்லுறவுகதான் அதிகம். எழுந்தா. இடுப்புல சீலையைச் செருகுனா.

"உள்ள வந்து மிதிக்காதீக. தெருவுலயே வரிசையா உக்காருங்க. ஏய், பிள்ளையை முன்னால விடு. சுடலி, நீ என்ன விருந்தாளி மாதிரி உக்காருத? எழுந்து வந்து இலை போடு."

கறியும் மீனும் முட்டையும் முதல் வரிசைக்கே தீந்துபோச்சு. ரொட்டி அடுக்கு கரைஞ்சுபோச்சு. வரிசை பாதிகூட முடியல. திருநாள் முடியுற வரைக்கும் வேணும்னு, பாத்துப் பாத்துத் திரிச்சு வச்ச கோதுமை மாவுப் பானை ஒண்ணு உள்ள இருக்கு. அதைத் தொட்டா மீதி நாளெல்லாம் வீட்டுக்கே ரொட்டி இல்ல. அவ அந்தப் பானையைப் பாத்தா. வெளிய பாத்தா. தூக்கிட்டு வந்து முத்தத்துல வச்சா.

மாவு இருக்கு. கல்லு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ஒரு கல்லுல எத்தனை பேருக்குச் சுட?

மைமூன் லாத்தா அவ வீட்டுத் தோசைக்கல்லைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தா.

"அதுல ஆப்பமாவும் தோசைமாவுமா ஊத்தி ஊறிப்போயிருக்கு லாத்தா. ஆகாதுன்னு எத்தனை தடவைதான் சொல்ல."

"அப்ப எதுலதான் சுடுவ? உன் தலையிலயா?"

இதைக் கேட்டுக்கிட்டிருந்த சுடலி சொன்னாளாம், "யம்மா, எங்க வீட்டுல பானை அடுக்கி நிக்கி. ஒரு சோறு கண்டதில்ல, ஒரு தண்ணி கண்டதில்ல. சூளையில இருந்து எடுத்தபடியே இருக்கு. கவுத்து வச்சு, அது முதுகுல சுட்டா ஆகாதா?"

சிப்பியம்மா அவளை ஒரு பார்வை பாத்தாளாம். "இதை இப்பத்தான் சொல்லணுமா. போய் எடுத்துட்டு வாட்டி."

பானை வந்துச்சு. தெரு நெடுகக் கல்லுக் கூட்டி, அடிப்பக்கம் மேல தெரியக் கவுத்து வச்சாக. திருநாள்ல புதுசா நெருப்பு உண்டாக்கக்கூடாது, எரியுற நெருப்புல இருந்து எடுக்கலாம். லேயாள் அடுக்களை அடுப்புல இருந்து கொள்ளியை எடுத்து எடுத்து ஒவ்வொண்ணாப் பத்த வச்சா. பானை முதுகு சுட்டுச் சிவந்துச்சு.

அதுவரைக்கும் கல்லு மாதிரி உக்காந்திருந்த மல்க்கா அப்பத்தான் வாயைத் திறந்தா.

"திருநாள்ல நம்ம சாப்பாட்டுக்குத்தான் சமைக்கலாம். வெளியாளுக்குச் சமைக்க விதி இல்ல. உனக்குத் தெரியாதா?"

லேயாள் கையில கொள்ளியோட நிக்கா. அவ கலியாணம் அந்த ஒரு பேச்சுல தொங்குது.

சிப்பியம்மா மாவுல கையை வச்சபடியே நிமிந்தா. "தெரியும் சம்மந்தி. வெளியாளுக்குச் சமைக்க விதி இல்லதான். ஆனா வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்பிட்டாச்சு. கூப்பிட்டு வந்தவன் எப்படி வெளியாளு? கூப்பிட்டுட்டுப் பட்டினி போட ஒரு விதி இருந்தா சொல்லுங்க, இப்பவே அடுப்பை அணைக்கேன். இந்த மனுசன் கூப்பிடாம இருந்திருந்தா நான் ஏன் இந்த வேலை பாக்கேன்? எனக்கு மட்டும் ஆசையா? இடுப்பு ஒடியுது."

மல்க்கா முகத்தைத் திருப்பிக்கிட்டா. சிப்பியம்மா தண்ணி ஊத்திப் பிசைய ஆரம்பிச்சா. சுடலிக்கு உருட்டத் தெரியல, லாத்தாவை மாவுகிட்டயே விட முடியாது, லேயாள் நெருப்பைப் பாக்கா. பிசைஞ்ச மாவு ஒரு பக்கம் குவிஞ்சு கிடக்கு. தண்ணி பட்ட மாவு. நேரம் போகப் போக அது ஆகாததா மாறிரும்.

திருப்பின முகத்தை மல்க்காவால அப்படியே வச்சிருக்க முடியல. ஓரக்கண்ணால மாவைப் பாத்தா. மறுபடியும் பாத்தா. பொறுக்கல. எழுந்து வந்து வளையலைக் கழத்தி லேயாள் கையில குடுத்துட்டு, முழங்கை வரைக்கும் கழுவுனா.

"மாவைக் காக்கப் போட்டுட்டு என்ன பேச்சு வேண்டிக் கிடக்கு? புளிச்சுதுன்னா பாவம் யாருக்கு? தள்ளு. இப்படியா உருட்டுறது? இது ரொட்டியா, எருவாட்டியா?"

"அப்ப நீங்களே உருட்டுங்க. எனக்கென்ன ரெண்டு கைக்கு மேலயா இருக்கு?"

"இருந்தா மட்டும் மெலிசா வந்துருமா?"

அப்படி ரெண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி ஏசிக்கிட்டே சுட்டாகளாம். இவ உருட்டுறா, அவ பானை முதுகுல போடுறா. இவ அவளை ஏசுதா, அவ இவளை ஏசுதா, ரெண்டு பேரும் சேந்து மருதையாவை ஏசுதாக. அவரு வரிசைக்கு நடுவுல பாகு ஊத்திக்கிட்டே போறாரு, சிரிச்சுக்கிட்டு. சுடச்சுட ரொட்டி போகுது. பசியில வந்தவுக ஏச்சைக் கேட்டுக்கிட்டே தின்னாக. மாவுப் பானை அடி தெரிஞ்ச பொறவுதான் ஓஞ்சாக. சுடலி பிள்ளைக சாப்பிட்ட இடத்துலயே உறங்கிப்போச்சுக.

விடிஞ்சுது. சிப்பியம்மா கதவைத் திறந்தா, அத்தனை பேரும் வாசல்ல நிக்காக. வெறும் கையோட.

அவ உள்ள போய் மருதையாவை எழுப்புனா. "எழுந்திரிங்க. வந்திருக்காக."

"யாரு?"

"நீங்க கூப்பிட்டவுகதான், வேற யாரு? நேத்துக் கூப்பிட்டது நேத்தோட சரின்னு போய்ச் சொல்லுங்க. கூப்பிட்ட வாய்தானே, அந்த வாயாலயே போங்கன்னு சொல்லுங்க பாப்போம்."

மருதையா வாசலுக்குப் போனாரு. நின்னாரு. வாயைத் திறந்தாரு. அந்த நல்ல குரல் வரலையாம். ரொம்ப நேரம் நின்னுட்டு உள்ள வந்தாரு. முகத்துல சிரிப்பு இல்ல. அன்னைக்குத்தான் அவர் சிரிப்பு இல்லாம அவ பாத்தாளாம், கலியாணம் ஆன பொறவு முதல் தடவையா. அது அவளுக்குப் பிடிக்கல.

துறைமுகத்துல அவரு கிட்டங்கி இருந்துச்சு. அதுல அரிசி மூட்டை கூரை வரைக்கும். அந்த வாரம் வார கப்பல்ல இலங்கைக்குப் போக வேண்டிய அரிசி. அது போனாத்தான் அடுத்த வருச வியாபாரம். அதை நம்பித்தான் மகளுக்குக் கலியாணப் பேச்சே எடுத்தது. மருதையா மாடத்துல கையை விட்டுக் கிட்டங்கிச் சாவியை எடுத்தாரு. அவகிட்ட நீட்டினாரு.

சிப்பியம்மா வாங்கிக்கிட்டா. "இதை எடுக்க இவ்வளவு நேரமா? உலை எப்ப வைக்க, எப்ப வடிக்க"ன்னு சொன்னாளாம். சொன்னவ, சாவியைப் பிடிச்ச கையால கண்ணைத் துடைச்சுக்கிட்டான்னு லேயாள் பொறவு ஊருல சொன்னாளாம்.

அன்னையில இருந்து மழை விழுற வரைக்கும் அந்த அரிசியில கஞ்சி. சுடலி பானையில காய்ச்சுனாக. மைமூன் லாத்தா துழாவுனா. அரிசி புளிக்கலையே, அவ தொட்டா ஆகும்னு மல்க்காவே சொல்லிட்டாளாம். கிட்டங்கி காலியாச்சு. மருதையா வியாபாரம் அதோட படுத்துப்போச்சு, பொறவு எழும்பவே இல்லன்னுதான் சொல்லுதாக. ஆனா அந்தப் பஞ்சத்துல நம்ம தெருவுல இருந்து ஒரு பாடைகூடப் போகல.

கலியாணம் நடந்துச்சா? நடந்துச்சு. மல்க்கா ஊருக்குக் கிளம்புறப்போ சொன்னாளாம், "பொண்ணை அனுப்புங்க. அடுக்களை சுத்தமா இருக்கு. ரொட்டி மட்டும் தடி. அதை நான் சொல்லிக் குடுத்துக்கிடுதேன். ஆனா சம்மந்தி, உங்க வீட்டுக்காரர் கலியாணத்துக்கு வந்தா வாசல்ல மட்டும் நிக்க விடாதீக." சிப்பியம்மா அதுக்குச் சிரிச்சாளாம். அவ சிரிச்சு ஊரு பாத்தது அது ஒண்ணுதான்.

பின்னால அவுக குடும்பம் மக இருந்த கொச்சிக்கே போயிருச்சு. அவ வயித்துல பொறந்தவுக யாரும் இங்க இல்ல. அந்த வீடும் இடிஞ்சு, இடம் மட்டும் கிடக்கு. ஆனா அன்னைக்கு அவ கையில தின்ன சனங்க ஊரு திரும்பாம இங்கயே குடியிருந்துட்டாக. நம்ம தெருவுல பாதிப் பேரு அவுக வம்சம்தான். நாங்க எல்லாரும் சிப்பியம்மாவை எங்க முன்னோருன்னுதான் சொல்லுவோம். ரத்தம் இல்லன்னா என்ன? சோறு இருக்குல்ல.

அதனாலதான் பங்குனிப் பௌர்ணமிக்கு நம்ம தெருவுல வீட்டுக்கு வீடு புதுப் பானையைக் கவுத்து, அது முதுகுல புளிக்காத மாவுல ரொட்டி சுடுறது. இந்துவும் சுடுவாக, கிறிஸ்தவ வேதக்காரரும் சுடுவாக, லாத்தா வம்சமும் சுடுவாக. வீட்டு ஆம்பள வாசப்படியில நின்னு, பசிச்சவுக வாங்கன்னு நல்லாப் புரியுற தமிழ்ல கூப்பிடணும். வந்தவுக யாருன்னு கேக்கக்கூடாது. சுடுற பொம்பள, சுட்டு முடியுற வரைக்கும் வாய் ஓயாம ஏசணும். ஏசாம சுட்ட ரொட்டி ஏச்சு ரொட்டி ஆகாது, அதை எடுக்க மாட்டாக.

போன வருசம் தெற்கு வீட்டுக்குப் புதுசா வந்த மருமக, சிரிச்ச முகமா உக்காந்து சுட்டுக்கிட்டிருந்தா. அவ மாமியார் பாத்துட்டு, "ஏட்டி, ஏசு. ஏசாம என்ன ரொட்டி"ன்னா.

"யாரை அத்தை ஏச? எனக்கு யாருமேல என்ன கோவம்?"

"அந்தா வாசல்ல நின்னு ஊரையே கூப்பிட்டுக்கிட்டிருக்கான் பாரு, உன் புருசன். மாவு எவ்வளவு இருக்குன்னு உன்கிட்ட கேட்டானா?"

அவ திரும்பிப் பாத்தா. மாவுச்சட்டியைப் பாத்தா. மெதுவா ஆரம்பிச்சா. அன்னைக்குத் தெருவுல எல்லா வீட்டு அடுப்பும் அணைஞ்ச பொறவும் அவ குரல் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.